மீன்தொட்டி மணலைக் கழுவும் முன்...

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பல வீடுகளில் துப்புரவு வேலை தொடங்கிவிடும். திரைச்சீலை, மின்விசிறி, சன்னல் கண்ணாடி என்று ஒன்றும் தப்பாது. வரவேற்பறையில் இருக்கும் மீன்தொட்டிக்கும் அன்று குளியல்தான். மீன்களை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, அடியில் கிடக்கும் மணலை மொத்தமாக அள்ளி, குழாயடியில் நீர் தெளியும்வரை அலசுவார்கள். வடிகட்டியில் இருக்கும் பஞ்சும் அதே குழாய்நீரில் பிழியப்படும். பிறகு புதுத் தண்ணீர், வெள்ளை வெளேரென்ற மணல், பளிச்சென்ற கண்ணாடி. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இரண்டு மூன்று நாள்களில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும். தீனியைத் தொடாது. விருந்தினர் வரும் நேரத்தில் ஒன்றிரண்டு மிதக்கும். "இவ்வளவு சுத்தமாகக் கழுவினோமே, பிறகு ஏன் செத்தது?" என்று வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த மீன்களின் சாவுக்கும் அந்தச் சுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. மணலோடும் வடிகட்டிப் பஞ்சோடும் ஒட்டிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் அன்று கழுவி ஊற்றப்பட்டன. மீன்களின் கழிவை நாள்தோறும் சுத்தம் செய்துவந்தவை அவைதாம். தொட்டியின் அடியில் மணல் போடுகிறோம் என்றால் உயிருள்ள ஒரு படலத்துக்கு இடம் அமைக்கிறோம் என்று பொருள். எந்த மணல், எவ்வளவு ஆழம், எப்படிச் சுத்தம் செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தப் படலத்தைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

மீன்கள் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஆறு, குளம் போன்ற பெரிய நீர்நிலைகளில் அது கரைந்து பரவிவிடும். 60 லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. மிகச் சிறிய அளவு சேர்ந்தாலே செவுள்களை அரித்து மீனை மூச்சுத் திணற வைக்கும்.

இங்கேதான் பாக்டீரியா உதவிக்கு வருகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகவும் குறைவு. செடிகள் அதை உணவாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதை வாரந்தோறும் நீரை மாற்றும்போது நாம் அகற்றிவிடலாம்.

இந்த இரண்டு கட்ட வேலையை ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு வாக்கில் விளக்கினார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இரண்டு வேலைக்கும் இரண்டு தனித்தனி உயிர்கள் தேவை என்றே நம்பப்பட்டது. 2015ல்தான் ஒரே பாக்டீரியா இரண்டையும் செய்ய முடியும் என்பது உறுதியானது. அந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்ட இரண்டு ஆய்வுக் குழுக்களில் ஒன்று, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியில் இருந்துதான் அந்த உயிரைப் பிரித்தெடுத்தது.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் சும்மா மிதப்பதை விட ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டி வாழ்வதையே விரும்பும். வடிகட்டியின் பஞ்சு, கல், செடியின் இலை, கண்ணாடி, மணல் எல்லாமே அவற்றுக்கு வீடு. ஆனால் அவை பெருகும் வேகம் மிகக் குறைவு. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, நல்ல சூழலில் 20 நிமிடங்களில் இரண்டு மடங்காகும். அம்மோனியாவை உண்ணும் இவற்றுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். சிலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும். புதுத் தொட்டி "பக்குவப்பட" நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஒரே நாளில் கழுவி ஊற்றியதைத் திரும்பப் பெறவும் ஏறக்குறைய அதே காலம் தேவை. மீன்களால் அதுவரை காத்திருக்க முடியாது.

ஹம்பர்க் நகரம் கற்ற பாடம்

மணலில் ஒட்டியிருக்கும் படலம் நீரை எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. 1892ல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் காலரா பரவி 8,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா என்ற ஊரில் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊருக்கும் குடிநீர் எல்பா ஆற்றில் இருந்தே வந்தது. சொல்லப்போனால், ஹம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு ஓடிவரும் நீரைத்தான் ஆல்டோனா எடுத்தது. எல்லையில் ஒரே தெருவின் ஒரு பக்க வீடுகளில் நோய் பரவியது. மறுபக்கம் தப்பியது.

ஒரே ஒரு வேறுபாடுதான். ஆல்டோனா தன் நீரை மணற்படுகை வழியாக மெதுவாக இறக்கி வடிகட்டியது. ஹம்பர்க் அவ்வாறு செய்யவில்லை. இதை ஆராய்ந்தவர் புகழ்பெற்ற மருத்துவ அறிவியலாளர் ராபர்ட் கோக்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணல் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள், பாக்டீரியாவின் உடலைவிடப் பல மடங்கு பெரியவை. எனவே மணல் ஒரு சல்லடையாக மட்டும் செயல்பட்டிருந்தால் காலராக் கிருமி எளிதாக நுழைந்திருக்கும். படுகையின் மேற்பரப்பில் நாளடைவில் வளர்ந்த பிசுபிசுப்பான உயிர்ப்படலம்தான் கிருமிகளைப் பிடித்து வைத்தது, தின்றும் தீர்த்தது. இத்தகைய வடிகட்டிகளில் மணலை மிகவும் சுத்தமாகச் சுரண்டி எடுத்தால், படலம் திரும்ப வளரும்வரை நீரின் தரம் குறைந்துவிடும் என்பதை நீர்ப் பொறியாளர்கள் அறிவார்கள். நம் வீட்டுத் தொட்டிக்கும் அது பொருந்தும்.

ஒரு கைப்பிடி மணலில் எவ்வளவு இடம்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 3 செ.மீ. ஆழத்துக்கு மணல் பரப்பினால் அதன் கொள்ளளவு 5.4 லிட்டர். துகள்கள் அரை மில்லிமீட்டர் விட்டம் கொண்ட உருண்டைகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 40 சதுர மீட்டர் வரும். சிங்கப்பூரின் நான்கறை வீவக வீடு ஒன்றின் பரப்பில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. அதே இடத்தில் 5 மி.மீ. சரளைக்கல் போட்டால் பரப்பு 4 சதுர மீட்டர்தான்.

அப்படியானால் துகள் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. பரப்பு இருந்தால் மட்டும் போதாது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். துகள் சிறுக்கச் சிறுக்க இடைவெளியும் சிறுத்துவிடும். நீரோட்டம் உள்ளே நுழையாது. அதன் பிறகு ஆக்சிஜன் தானாகப் பரவித்தான் இறங்க வேண்டும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இறங்கும் வழியிலேயே மேலடுக்கில் உள்ள உயிர்கள் அதை இழுத்துக்கொள்ளும். ஆகவே நுண்மணலில் ஆக்சிஜன் எட்டுவது சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான். கணக்கில் வந்த 40 சதுர மீட்டரில் பெரும்பகுதி அம்மோனியாவை மாற்றும் வேலைக்குப் பயன்படாது.

எனவே மணல் போட்டுவிட்டால் வடிகட்டி வேண்டாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நீர் விசையோடு பாயும் வடிகட்டியே முதன்மையான துப்புரவாளர். மணலின் மேலடுக்கு அதற்குத் துணை. இரண்டையும் ஒரே நாளில் கழுவும்போதுதான் விபத்து நேர்கிறது.

கருத்துப்போன மணல் ஆபத்தா?

மணல் போட்டுச் சில மாதங்கள் ஆனதும் கண்ணாடி வழியாக அடிப்பகுதியில் கறுப்புத் திட்டுகள் தெரிவதாகப் பலர் கவலைப்படுவார்கள். அங்கே நடப்பது என்ன?

மேலடுக்கில் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோன அடுக்கில் வேறு வகை பாக்டீரியா வாழ்கிறது. அவற்றில் சில, மூச்சுவிட நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே விடுகின்றன. இது நமக்கு நன்மையே. மணலில் இருந்து எப்போதாவது எழும் மணமற்ற குமிழிகள் இப்படிப்பட்டவையாக இருக்கலாம்.

இன்னும் ஆழத்தில், நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில், சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் உயிர்கள் வேலை செய்கின்றன. அவை வெளியிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அதுவே. அது மணலில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்ஃபைடு உண்டாகும். நாம் பார்க்கும் கறுப்புத் திட்டு பெரும்பாலும் இதுதான். கண்ணாடியை ஒட்டி, வெளிச்சம் படும் இடத்தில் கரும்பச்சையாகத் தெரிவது பாசியாகவும் இருக்கலாம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்குக் கொடிய நஞ்சு. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே அது அடைத்துவிடும். ஆனால் அது மெதுவாகக் கசிந்து மேலே வரும்போது ஆக்சிஜன் உள்ள அடுக்கில் சிதைந்து, தீங்கற்ற சல்ஃபேட்டாக மாறிவிடுகிறது. எனவே கறுப்புத் திட்டு இருப்பதாலேயே மீன் சாகாது. அந்த அடுக்கைக் கையை விட்டுக் கலக்கி ஒரே நேரத்தில் வாயுவை வெளியே விடும்போதுதான் ஆபத்து.

நம் வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை நாம் அப்படியே பின்பற்றுகிறோம். 18 டிகிரி செல்சியஸ் நீர், லிட்டருக்கு ஏறக்குறைய 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். நம் வீட்டுத் தொட்டிகளில் இயல்பாக இருக்கும் 28 டிகிரியில் அது 7.8 மில்லிகிராம்தான். வெப்பம் கூடினால் பாக்டீரியாவின் வேலையும் விரைவுபடும். வரவு குறைந்து செலவு கூடும். அதனால் ஒரே ஆழமுள்ள மணல், இங்கே இன்னும் விரைவில் ஆக்சிஜனை இழக்கும்.

செடி இல்லாத தொட்டிக்கு 2 முதல் 3 செ.மீ. மணல் போதும். வேரூன்றும் செடிகள் வைப்பதாக இருந்தால் 4 முதல் 5 செ.மீ. வரை போகலாம். நீர்ச்செடிகளின் வேர்கள் தங்களைச் சுற்றிச் சிறிதளவு ஆக்சிஜனைக் கசியவிடுவதால் அந்த ஆழத்தை அவை தாங்கிக்கொள்ளும். மலேசியக் காட்டோடைகளில் இயற்கையாக வளரும் கிரிப்டோகோரைன் வகைகள் இதற்கு ஏற்றவை. மணலில் ஊட்டச்சத்து ஏதும் இல்லை என்பதால், செடிகளின் வேருக்கு அருகே உர மாத்திரை புதைத்து வைக்க வேண்டும்.

மணலைக் கிளறிவிடும் வேலையை ஒரு சிறு நத்தையிடமும் ஒப்படைக்கலாம். கூம்புபோல நீண்டு சுருண்ட ஓடு கொண்ட அதை "மலேசியன் டிரம்பெட்" என்றே உலகெங்கும் மீன் வளர்ப்போர் அழைக்கிறார்கள். பகலில் மணலுக்குள் ஊர்ந்துகொண்டே இருந்து, இரவில் வெளியே வரும். தீனி அதிகமானால் இதன் எண்ணிக்கையும் அளவின்றிப் பெருகும். நத்தைகள் திடீரென்று கூடினால், நீங்கள் தேவைக்கு மேல் தீனி போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

எல்லா மணலும் ஒன்றல்ல

புவியியலாளர்கள், 2 மி.மீ.க்குக் குறைவாகவும் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்கு அதிகமாகவும் உள்ள துகளை மணல் என்கிறார்கள். அதற்கு மேல் சரளை, அதற்குக் கீழ் வண்டல். மீன்தொட்டிக்கு அரை மில்லிமீட்டர் முதல் 1 மி.மீ. வரையுள்ள மணல் பொருத்தமானது. மாவுபோன்ற நுண்மணல் இறுகிக் கட்டியாகும், நீரையும் கலங்கவைக்கும்.

அளவைப் போலவே அதன் வேதியியலும் முக்கியம். குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல் மணல் நீரில் கரையாது, நீரின் தன்மையையும் மாற்றாது. நீச்சல்குள வடிகட்டிகளுக்கு விற்கப்படும் மணல் பெரும்பாலும் இந்த வகைதான். துகள்களும் ஓரளவு ஒரே அளவில் இருக்கும். விலையும் வண்ணமீன் கடைகளின் சிறு பொட்டலங்களைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடற்கரை மணல் அப்படிப்பட்டதன்று. அதில் சிப்பி, பவளம் ஆகியவற்றின் துண்டுகள் கலந்திருக்கும். உப்பும் இருக்கும். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். அது மெல்லக் கரைந்து நீரைக் கடினநீராக்கி, காரத்தன்மையைக் கூட்டும். இதனால் என்ன கெடுதல் என்று கேட்கிறீர்களா?

நீரில் உள்ள அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றது கடும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீரின் பிஎச் அளவும் வெப்பமும். 28 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் 0.7 விழுக்காடுதான் நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 8க்கு ஏறினால் அது ஏறக்குறைய 6.5 விழுக்காடாகிவிடும். அம்மோனியாவின் மொத்த அளவு மாறாமலேயே நஞ்சு ஒன்பது மடங்கு கூடுகிறது.

அதோடு, நம் மண்ணின் மீன்கள் பலவும் மென்னீருக்குப் பழகியவை. உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணத் திட்டு கொண்ட ஹார்லிகுவின் ரஸ்போரா உலகெங்கும் விற்பனையாகும் மீன். சிங்கப்பூரின் நீ சூன் சதுப்புநிலக் காட்டிலும் மலேசியாவின் காட்டோடைகளிலும் அது இயற்கையாக வாழ்கிறது. இலைச்சருகு ஊறிய, அமிலத்தன்மை கொண்ட நீர் அதன் தாயகம். அதைச் சிப்பிமணல் தொட்டியில் விடுவது, பழக்கமில்லாத நாட்டில் குடியேற்றுவது போன்றது. மாறாக, ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா, மலாவி ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள் காரத்தன்மை உள்ள கடினநீரை விரும்புபவை. அவற்றுக்குப் பவளமணல் ஏற்றதே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மேசைக்கரண்டி காய்ந்த மணலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அது மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். சில நிமிடங்கள் உற்றுப் பாருங்கள். நுரைத்துக் குமிழி விட்டால் அதில் கார்பனேட் இருக்கிறது. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டாம். குமிழி இல்லையென்றால் பயன்படுத்தலாம். எதுவாயினும் கடையில் வாங்குவதே நல்லது. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் அனுமதியின்றி மணல் அள்ளினால் சட்டச் சிக்கல் வரலாம்.

மணலைத் தேடும் மீன்கள்

தமிழர் சமையலில் பெயர்பெற்ற அயிரை மீனை நினைத்துப் பாருங்கள். மணற்பாங்கான அடிநிலத்தில் வாழ்ந்து, ஆபத்து வந்தால் சட்டென்று மணலுக்குள் புகுந்துகொள்ளும் மீன் அது. நம் கடைகளில் "கூலி லோச்" என்ற பெயரில் கிடைக்கும், மஞ்சளும் பழுப்புமாய்ப் பட்டை போட்ட, புழுவைப் போன்ற மீன் அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய்த் தீபகற்பத்திலும் இதன் இனங்கள் உண்டு. மணல் இல்லாத தொட்டியில் அது ஒளிய இடமின்றி மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மணல் போட்டால் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு புதைந்து கிடப்பதைக் காணலாம்.

ஆரல் மீனும் அப்படித்தான். இவ்வட்டார ஆறுகளில் வாழும், சிவப்புக் கோடுகள் கொண்ட "ஃபயர் ஈல்" ஆரல் குடும்பத்தைச் சேர்ந்தது. அது 1 மீட்டர் வரை வளரும் என்பதால் சிறு தொட்டிக்கு ஆகாது. கூரான சரளையில் புதைய முயன்றால் அதன் தோல் கீறிப் புண்ணாகும்.

தென்னமெரிக்காவின் கோரிடோராஸ் கெளுத்திகள், வாயோர மீசையால் அடிநிலத்தைத் துழாவித் தீனி தேடுபவை. மீசை தேய்ந்துபோன கோரிடோராஸைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கூரான கற்கள் இதற்கு ஒரு காரணம். அழுகிய தீனி தங்கிய அடிநிலத்தில் பெருகும் கிருமிகள் இன்னொரு காரணம். சரளைக்கல்லின் பெரிய சந்துகளில் தீனி விழுந்து மறைந்துவிடும், மீனின் வாய்க்கு எட்டாது, அங்கேயே அழுகும். மணலிலோ தீனி மேலேயே தங்கும்.

ஜியோஃபேகஸ் என்றொரு மீனினம் உண்டு. கிரேக்க மொழியில் அதற்கு "மண் தின்னி" என்று பொருள். வாய் நிறைய மணலை அள்ளி, தீனியைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். சரளைக்கல்லில் அது தன் இயல்பான வாழ்க்கையையே வாழ முடியாது.

இத்தகைய மீன்கள் உங்களிடம் இல்லையென்றால் மணல் கட்டாயமன்று. நடுநீரில் நீந்தும் டெட்ரா, கப்பி போன்றவை எந்த அடிநிலத்திலும் வாழும். தங்கமீன் வளர்ப்போர் சிலர், அது போடும் கழிவின் அளவை எண்ணி, வெறும் கண்ணாடித் தளத்தையே விரும்புகிறார்கள். அதுவும் சரியான தெரிவுதான்.

போடும் முறை

3 செ.மீ. ஆழத்துக்கு 60 செ.மீ. தொட்டிக்குச் சுமார் 8 கிலோ மணல் தேவைப்படும். தொட்டி, நீர், கற்கள் எல்லாவற்றின் எடையையும் கூட்டிப் பார்த்து, தாங்குமேசையின் உறுதியை முதலில் உறுதிசெய்யுங்கள்.

புது மணலைத்தான் நன்றாகக் கழுவ வேண்டும். அதில் கழுவி இழக்க எந்த உயிர்ப்படலமும் இல்லை. வாளியில் கால்பங்கு மணல் போட்டு, நீர் ஊற்றிக் கையால் கிளறி, கலங்கல் நீரை வடித்துவிடுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். காய்ந்த மணலைக் கொட்டும்போது எழும் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். படிகமணல் தூசி நுரையீரலுக்குக் கேடு. முதலில் நனைத்துவிட்டால் தூசி எழாது. கழுவிய நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பெரிய கற்கள் வைப்பதாக இருந்தால் அவற்றைத் தொட்டியின் தளத்தில் முதலில் வைத்து, அதன் பிறகு மணலைப் பரப்புங்கள். மணல்மேல் கல்லை வைத்தால், மீன்கள் அடியில் தோண்டும்போது கல் சரியும். நீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் நீர் கலங்காது. வடிகட்டியின் உறிஞ்சுவாயை மணலில் இருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். மணல் உள்ளே போனால் பம்பின் சுழலியை அரித்துவிடும்.

கொல்லாமல் சுத்தம் செய்வது

மணல் தொட்டியைச் சுத்தம் செய்வது உண்மையில் எளிது. கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே தங்குவதால், உறிஞ்சுகுழாயை மணலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே பிடித்து நகர்த்தினால் போதும். கழிவு மட்டும் நீரோடு வெளியேறும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை இப்படி மாற்றலாம். மேல்மணலை அவ்வப்போது விரலால் இலேசாகக் கிளறிவிட்டால் இறுகாது.

புதிதாக ஊற்றும் நீரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. குழாய்நீரை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பது முந்தைய தலைமுறையின் வழக்கம். குளோரினுக்கு அது சரி. ஆனால் சிங்கப்பூரின் குழாய்நீரில் குளோரமின் பயன்படுத்தப்படுகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம் அது. எளிதில் ஆவியாகாது. ஓர் இரவு வைத்தாலும் அதன் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கிருமிகளைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படும் பொருள், மணலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. குளோரமினை உடைப்பதோடு அதிலிருந்து வெளிப்படும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர்ச்சீராக்கியைக் கடையில் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் உள்ளவர்கள் தங்கள் வட்டார நீரில் சேர்க்கப்படுவது குளோரினா குளோரமினா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியில் இருந்து எடுத்த பழைய நீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பஞ்சைக் கழுவும் வாரத்தில் மணலைத் தொடாதீர்கள். மணலை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த பங்கை எடுங்கள்.

ஏற்கெனவே அடியில் பெரிய கறுப்பு அடுக்கு உள்ள பழைய தொட்டியா? கையை விட்டுக் கலக்காதீர்கள். உறிஞ்சுகுழாயை அந்த இடத்தில் நேராக இறக்கி, ஒரு கைப்பிடி அளவு மணலை நீரோடு வெளியே இழுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஓர் இடம் போதும். அன்று காற்றுக்குழாயைக் கூடுதலாக ஓடவிடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் அகற்ற வேண்டியிருந்தால், மீன்களைப் பழைய தொட்டி நீரும் ஓடும் வடிகட்டியும் உள்ள வேறொரு கலனுக்கு மாற்றிய பிறகே மணலில் கை வைக்க வேண்டும்.

தவறிப்போய் எல்லாவற்றையும் கழுவிவிட்டீர்கள் என்றாலும் வழி இருக்கிறது. தீனியை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று குறைத்துவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் காட்டும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி நாள்தோறும் பாருங்கள். அளவு ஏறினால் அன்றே கால்பங்கு நீரை மாற்றுங்கள். மீன் வளர்க்கும் நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் வையுங்கள். அந்தத் துண்டில் இருக்கும் பாக்டீரியா உங்கள் தொட்டியிலும் பெருகும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் வெகுவாகக் குறையும்.